குதிரை ஆண்டில் ஒரு மூட்டை அரிசி

நாலாவ் ஊர்
குதிரை ஆண்டு, நான்காம் மாதம், மூன்றாம் நாள்

என் தோங் சாங்குக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். கலப்பை பிடித்துப் பழகிய கையில் பேனாவைக் கொடுத்தால் அதைக் கொண்டும் உழுகிறது. பெரிதாக இருக்கும் எழுத்துகள் எனக்கு நன்றாகத் தெரிந்தவை. சிறிதாக இருப்பவை பயந்து எழுதியவை. மை கொட்டியிருக்கும் இடத்தில் ஒன்றும் இல்லை, அங்கே வெறும் சந்தோஷம்தான்.

இதை நானே எழுதுகிறேன், சாங். குவாங்லி யாரையோ பிடித்து எழுத வைத்திருக்கிறான் என்று நினைக்காதே. எங்கள் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு வைத்தார்கள். பெண்கள் எல்லோரும் போனார்கள். ஆண்களில் நான் ஒருவன். எங்கள் டீச்சர் சின்னப் பெண், ஆனால் என் கையைப் பிடித்து எழுத வைக்கும்போது எருமையைப் பிடிக்கிற மாதிரி பிடிப்பாள்.

முதலில் நான் படித்தது எது தெரியுமா? எங்கள் தானியக் கிடங்கின் சுவர். இத்தனை வருஷமாக அதில் சாய்ந்து நின்று சிறுநீர் கழித்திருக்கிறேன், அது பேசுகிறது என்று தெரியாது. மேலே சிவப்பில் "நல்ல அண்டை வீட்டார், நல்ல நண்பர்" என்று இருக்கிறது. அது உங்கள் வியட்நாமைச் சொல்கிறதாம். மழையில் சாயம் கரைந்த இடத்தில் அடியில் வேறொன்று தெரிகிறது, "விழிப்புடன் எல்லையைக் காப்போம்" என்று. அதுவும் உங்களைச் சொன்னதுதான். அதற்கும் அடியில், மூலையில், "தோழரும் சகோதரரும்" என்று பாதி நிற்கிறது. நாம் இளைஞர்களாக இருந்தபோது எழுதியது. மூன்றையும் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

டீச்சர் சொன்னாள்: "தாத்தா, மேல இருக்கறத மட்டும் படிங்க."

"அடியில இருக்கறதும் எழுத்துதானேம்மா?"

"அது பழைய பாடம். பரீட்சைக்கு வராது."

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லைச் சாவடியான பெரிய வாசலின் சந்தையில் நாம் சண்டை போட்டுப் பிரிந்து எட்டு வருஷம் ஆகிறது. பழைய எல்லைக்கல்லை எங்கள் ஊர்க்காரர்கள் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று நீ சொன்னாய். உங்கள் ஊர்க்காரர்கள்தான் என்று நான் சொன்னேன். என் கிண்ணத்து மதுவை நீ தரையில் ஊற்றினாய். அது நல்ல மது. அதற்காகத்தான் எனக்கு அதிகம் வருத்தம்.

இந்த வருஷம் மறுபடி குதிரை ஆண்டு, பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் நம் ஆண்டு. உனக்கும் எனக்கும் எழுபத்து மூன்று. ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள், உன் ஆயுள் நீள, உன் ஆயுள் ஜாடியை அரிசியால் நிரப்ப வேண்டும். ஒரே வயதில் சகோதரனாகச் சத்தியம் செய்த தோங்கின் அரிசிதான் முதலில் விழ வேண்டும். அவன் வயலில் விளைந்தது, அவன் தோளில் வந்தது, வழியில் தரையில் வைக்காதது. இதை உனக்கே சொல்கிறேன் பார், ஊரெல்லாம் ஜாடி நிரப்பி மந்திரம் சொல்கிற பூசாரிக்கு. நாற்பத்தொன்பது வயதில் உன் ஜாடிக்கு நான் வர முடியவில்லை, மேலிடத்துப் பெரியவர்கள் கோபித்துக்கொண்டு நம் ஓடைத் துறையை அடைத்துவிட்டார்கள். அறுபத்தொன்றிலும் முடியவில்லை, மலை முழுக்கக் கண்ணிவெடி. சந்தைக்கு வந்த உங்கள் ஊர்ப் பெண்கள் நீ இருமுகிறாய், இளைத்துவிட்டாய் என்கிறார்கள். மூன்றாம் முறையும் என் அரிசி இல்லாமல் உன் ஜாடி நிற்கக் கூடாது.

பெரிய வாசல் வழியாக வரலாம் என்றால் அங்கே அரிசியை உள்ளே விடுவதில்லை. பூச்சி வருமாம். ஆகவே நம் துறை ஒன்றுதான் வழி. இரண்டு அரசாங்கமும் கையெழுத்துப் போட்டு, புதுக் கற்கள் நட சர்வே குழு அனுப்பியிருப்பது உனக்கும் தெரிந்திருக்கும். நம் துறையில் கல் நட்டதும் ஊர்க்காரர்கள் கடக்கலாம் என்கிறார்கள். நான் வரட்டுமா? அரிசியோடு?

பதில் எழுது. திட்டியாவது எழுது. எனக்குப் படிக்க வேறு எதுவும் இல்லை.

குவாங்லி


பான்தாங் ஊர்
ஐந்தாம் மாதம், முதல் நாள்

குவாங்லி,

நம் ஓடையை ஒரு எருமை மூன்று மூச்சில் கடந்துவிடும். உன் கடிதம் பெய்ஜிங்கைப் பார்த்து, ஹனோயைப் பார்த்து, நிறைய முத்திரை வாங்கிக்கொண்டு இங்கே வந்திருக்கிறது. நான் பார்க்காத ஊர்களையெல்லாம் உன் கோணல் எழுத்து பார்த்துவிட்டது.

நான் இந்தச் சீன எழுத்துகளை என் அப்பாவிடம் கற்றவன். பூசை ஏடுகளில் குதிரைக்கு நாலு கால் இருக்கும். நீ எழுதிய குதிரைக்குக் காலே இல்லை, வெறும் கோடு. உங்கள் அரசாங்கம் அதையும் வெட்டிவிட்டதா? கால் இல்லாத குதிரையில் ஏறி நீ எங்கே வரப்போகிறாய்?

மதுவைப் பற்றி எழுதியிருந்தாய். அது நல்ல மது இல்லை. நான் ஊற்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கல்லைப் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. பிரெஞ்சுக்காரர்களும் மஞ்சுப் பேரரசரின் ஆட்களும் நட்ட கல் கால் முளைத்துப் போகாது. எங்கள் கீழ்வயல் மேல் உங்கள் ஊருக்கு எப்போதும் ஒரு கண். உங்கள் ஆட்கள்தான் பிடுங்கியிருக்கிறார்கள். நீ பிடுங்கினாய் என்று சொல்லவில்லை. உனக்கு அத்தனை பலம் கிடையாது.

சர்வே குழு இங்கேயும் வந்தது. பழைய கல் எங்கே நின்றது என்பதற்கு அடையாளம் காட்டாவிட்டால் நம் துறையைக் கடைசியில் எடுத்துக்கொள்வோம் என்றார்கள். கடைசி என்றால் எப்போது என்று கேட்டேன். அந்த ஆபீசர், தாம் என்று பெயர், வானத்தைப் பார்த்தார்.

இருமல் இருக்கிறது. அது என் இருமல், உங்கள் ஊர்ச் சந்தைக்கு எதற்குப் போனது என்று தெரியவில்லை.

அரிசி பற்றி. கொண்டுவருவதும் வராததும் உன் விருப்பம். வழக்கத்துக்குத் தடை சொல்ல நான் யார். ஆனால் கேட்டு வைக்கிறேன்: ஒட்டரிசியா, சாதா அரிசியா? சாதா அரிசி என்றால் மேல்வயலில் விளைந்ததா, கீழ்வயலில் விளைந்ததா? கீழ்வயல் அரிசியில் கல் இருக்கும்.

லுவோங் வான் சாங்


நாலாவ் ஊர்
ஐந்தாம் மாதம், இருபத்தாறாம் நாள்

சாங்,

உன் கடிதத்தை மூன்று நாள் படித்தேன். முதல் நாள் உன் பெயர் வரை. இரண்டாம் நாள் குதிரை வரை. மூன்றாம் நாள் என்னைப் பலமில்லாதவன் என்று சொன்ன இடத்தை நானே தனியாகப் படித்துக் கண்டுபிடித்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. என் வாழ்க்கையில் என்னை யாராவது திட்டியதை நானே படித்தது இதுதான் முதல் தடவை. என் கிழவிக்கும் படித்துக் காட்டினேன். "அவரு சரியாத்தான் எழுதியிருக்காரு" என்றாள்.

மேல்வயல் அரிசி. சாதா. இரண்டு முறை புடைத்தது.

எங்கள் பக்கத்து சர்வே ஆபீசர் லியாங் நான்னிங்கிலிருந்து வந்தவர், வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு சேற்றில் நடக்கிறார். ஊரைக் கூட்டிக் கேட்டார்:

"பழைய கல்லு எங்க இருந்துச்சு? யாருக்காவது ஞாபகம் இருக்கா?"

எல்லோரும் கை நீட்டினார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம். லூ வீட்டு மூத்தவன் மட்டும் நேராக உங்கள் ஊரைக் காட்டினான்.

"அங்க நின்னுச்சா?"

"இல்ல சார், அங்க போயிடுச்சு. அவங்கதான் தூக்கிட்டாங்க."

"அதையேதான் அந்தப் பக்கமும் சொல்றாங்க. நான் அங்க போனா நீங்க திருடன், இங்க வந்தா அவங்க திருடன். கல்லு யாருகிட்டதான் இருக்கு?"

பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார்: "தாத்தா, கல்லு கெடைச்சா ஒரு வாரத்துல முடிச்சிருவோம். கெடைக்கலைன்னா ரெண்டு தலைநகரமும் உக்காந்து பேசணும். அது அடுத்த குதிரை வருஷம் கூட ஆகலாம்."

அடுத்த குதிரை வருஷம் நமக்கு எண்பத்தைந்து. நான் இருப்பேன். உன் இருமல்தான் எனக்குச் சந்தேகம்.

வகுப்பில் இப்போது செய்தித்தாள் படிக்கிறோம். "இறையாண்மை" என்று ஒரு சொல் வந்தது. டீச்சரிடம் கேட்டேன், இது என்ன என்று. யோசித்துவிட்டுச் சொன்னாள்: "உங்க கோழி பக்கத்து வீட்ல போய் முட்டை போட்டா, முட்டை யாருதுன்னு சொல்ற அதிகாரம், தாத்தா." நான் சொன்னேன், எங்கள் கோழி உங்கள் ஊரில்தான் எப்போதும் முட்டை போடும், நீ வறுத்துத் தின்பாய், இறக்கையைத் திருப்பி அனுப்புவாய் என்று. வகுப்பே சிரித்தது. அந்தச் சொல்லை இப்போது பிழை இல்லாமல் எழுதுவேன்.

இரண்டு தலைநகரத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து கடலைப் பற்றியும் மலையைப் பற்றியும் பேசட்டும். எனக்கு வேண்டியது ஓடையில் நாலு எட்டு. கல்லைத் தேடு, சாங். நானும் தேடுகிறேன். உங்கள் ஆட்கள் பிடுங்கியது என்று இனி சொல்ல மாட்டேன். மனதில் மட்டும் வைத்துக்கொள்வேன்.

குவாங்லி


பான்தாங் ஊர்
ஏழாம் மாதம், பதினாறாம் நாள்

குவாங்லி,

இதை யாரிடமும் காட்டாதே. உன் கிழவியிடமும். உன் டீச்சரிடம் கட்டாயம் காட்டாதே.

முன்னோர் விருந்து பதினாலாம் நாள் முடிந்தது. வாத்து நன்றாக இருந்தது. மறுநாள் ஊர்முனையில் நிலச்சாமியின் குடிலைப் பார்க்கப் போனேன். இந்த வருஷ மழையில் கூரை ஒழுகி, சாமி மேல் ஒட்டிய சிவப்புக் காகிதமெல்லாம் ஊறி, சுண்ணாம்பு உரிந்து கிடந்தது. சுவருக்கு வெள்ளை அடிக்கலாம் என்று என் மகனும் நானும் சாமியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினோம். அவன் தண்ணீர் கொண்டுவரப் போனான். நான் சாமியின் முதுகைத் துடைத்தேன்.

முதுகில் எழுத்து இருக்கிறது, குவாங்லி. வெட்டிய எழுத்து. நாலு கால் குதிரை எழுதிய காலத்து எழுத்து. "குவாங்சி எல்லை" என்று.

இந்தச் சாமியின் முன்னால் நான் என் அப்பா போன நாளிலிருந்து விழுந்து கும்பிட்டு வருகிறேன். ஒவ்வொரு வருஷமும் நான் சொல்கிற வேண்டுதல் என்ன தெரியுமா? "ஓடைக்கு அந்தப் பக்கத்துத் திருடர்களிடமிருந்து எங்கள் கோழிகளைக் காப்பாற்று." அதைக் கேட்டுக்கொண்டு இது உங்கள் மாகாணத்தின் பெயரை முதுகில் ஒளித்து வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

அடியில் சதுரமாக ஒரு நாக்கு நீட்டியிருக்கிறது, ஒரு சாண் அகலம். வேறு எதிலோ செருகி நின்ற கல். என் மகன் வருவதற்குள் திருப்பி வைத்துச் சுண்ணாம்பு பூசிவிட்டேன்.

யோசித்துப் பார். நான் சொன்னால் என்ன ஆகும்? கல் எங்கள் ஊரில் இருக்கிறது, ஆகவே நாங்கள்தான் பிடுங்கினோம். கோடு எங்கே நின்றது என்று உங்கள் ஆபீசர் சொல்வதுதான் சட்டம். கீழ்வயல் போகலாம். எங்கள் ஊரில் அதில் பங்கில்லாத வீடு இல்லை. சாமியும் போகும். ஒரு மூட்டை அரிசிக்காகப் பூசாரி சாமியையும் வயலையும் சேர்த்து விற்றான் என்பார்கள். என் மருமகளே சொல்வாள், அவளுக்கு வாய் அதிகம்.

சொல்லாவிட்டால் துறை திறக்காது. அவ்வளவுதான். ஜாடியில் என் மக்கள் போடுகிற அரிசி இருக்கும். அதைத் தின்று எத்தனையோ பேர் இருந்திருக்கிறார்கள்.

இதை எழுதிவிட்டுக் கிழிக்கலாம் என்று இருந்தேன். கிழிக்கவில்லை. கடிதம் எழுதுகிற பழக்கத்தை நீதான் ஆரம்பித்தாய். நீயே சொல்.

சாங்


நாலாவ் ஊர்
எட்டாம் மாதம், எட்டாம் நாள்

என் தோங்குக்கு,

உன் கடிதத்தைப் பன்றிக் கொட்டடியில் உட்கார்ந்து படித்தேன், அங்கேதான் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். வேண்டுதல் வரைக்கும் வந்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாங்களும் எங்கள் நிலச்சாமியிடம் அதையேதான் கேட்கிறோம், கோழிக்குப் பதில் வாத்து.

பிறகு சதுர நாக்கு என்று படித்தேன். ஒரு சாண் என்று படித்தேன். தலையைத் தூக்கினேன். என் எதிரே என் பன்றிகள் தின்றுகொண்டிருந்தன.

உனக்கு ஞாபகம் இருக்குமா, எங்கள் தொட்டி? பெரிய சாம்பல் கல், என் அப்பா காலத்திலிருந்து கிடக்கிறது. நடுவில் சதுரமாக ஒரு குழி. தவிடும் தண்ணீரும் ஊற்றினால் வழியாமல் நிற்கும். இப்படி ஒரு குழியைப் பன்றிக்காக யார் மெனக்கெட்டுச் செதுக்கினார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. பன்றிகளை விரட்டினேன். அவை போகவில்லை. சத்தம் கேட்டுக் கிழவி வந்தாள்.

"ஏய் கிழவா, தின்னுட்டிருக்கற பன்னிய ஏன் அடிக்கற?"

"தள்ளு, அரசாங்க வேலை."

"அரசாங்கத்துக்கு நம்ம பன்னி எதுக்கு?"

தவிட்டை வழித்தெடுத்துவிட்டுக் குழியில் கையை விட்டேன். ஒரு சாண், சாங். என் கைக்குச் சரியாக ஒரு சாண். நம் இரண்டு பேர் உள்ளங்கையும் ஒரே அளவு என்று பார்த்துத்தானே உன் அப்பா நம்மைத் தோங் ஆக்கினார். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை தலைமுறைப் பன்றிகள் இரண்டு நாட்டுக்கும் நடுவில் வாய் வைத்துச் சாப்பிட்டிருக்கின்றன.

கிழவியிடம் சொல்லாமல் முடியவில்லை, மன்னித்துக்கொள். அவள் ஊர்த் தலைவனைக் கூட்டிவந்துவிட்டாள். அவன் வெளுத்துப் போனான். "பெரியப்பா, வாய மூடிக்குங்க. அடிக்கல்லு நம்ம கொட்டில்ல இருக்குன்னா நாமதான் ஆரம்பிச்சோம்னு ஆயிரும். உங்க வீட்டு முன்னால ஜீப் வந்து நிக்கும்" என்றான். எனக்கும் பயம் வந்தது. இரண்டு நாள் தவிட்டை வாளியில் வைத்துப் பன்றிகளுக்குக் கொடுத்தேன், அவை என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல முடியாது.

பிறகு இப்படித் தோன்றியது. நீ மட்டும் சொன்னால் நீங்கள் திருடர்கள். நான் மட்டும் சொன்னால் நாங்கள் திருடர்கள். இரண்டு பேரும் சொன்னால் யார் யாரைத் திட்டுவது?

இருபதாம் நாள் இரண்டு நாட்டு சர்வே குழுவினரும் துறையில் கூடுகிறார்கள், அன்றைக்கு இரு கரையிலும் ஊர்க்காரர்கள் வந்து நிற்கலாம் என்றிருக்கிறார்கள். நான் என் தொட்டியை எருமை வண்டியில் போட்டுக்கொண்டு வருகிறேன். நீ உன் சாமியோடு வா. நான் முதலில் வாய் திறக்க மாட்டேன், நீயும் திறக்காதே. இரண்டையும் ஒரே நேரத்தில் இறக்கி வைப்போம். தலைவனிடம் நான் போகப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவன் என்னோடு பேசுவதில்லை.

தபாலில் போட்டால் இது பெய்ஜிங்கிலேயே நின்றுவிடும். ஆபீசர் லியாங் நாளைக்கு உங்கள் பக்கம் வருகிறார். என் நண்பனின் உடம்பு விசாரித்து எழுதியது என்று சொல்லி அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். பாவம், மூன்று மாதமாகத் தேடுகிறதைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓடையைக் கடக்கப் போகிறார்.

வருவாயா?

குவாங்லி


பான்தாங் ஊர்
எட்டாம் மாதம், இருபத்து மூன்றாம் நாள்

குவாங்லி,

நீ உன் கரையில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். உனக்குக் காது மந்தம், அதோடு மறுகரை. ஆகவே என்ன பேசினார்கள் என்று உனக்குத் தெரிந்திருக்காது. எழுதுகிறேன்.

நான் சாமியை வண்டியில் ஏற்றியபோது எங்கள் ஊர் முழுக்க வாசலில் நின்றது. யாரும் உதவவில்லை. என் மருமகள் மட்டும் வந்து மறுபக்கம் பிடித்தாள். "மாமா, திட்டறதுன்னா வீட்ல வச்சுத் திட்டிக்கறேன், இப்போ தூக்குங்க" என்றாள்.

உன் தொட்டியை நாலு சிப்பாய்கள் ஓடைத் திட்டுக்குத் தூக்கி வந்தபோது அதில் இன்னும் தவிடு ஒட்டியிருந்தது. கழுவியிருக்கலாம். என் சாமியை அதில் இறக்கினார்கள். கடக் என்று உட்கார்ந்தது. இரண்டு ஆபீசர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தால் மற்றவர் நாடு கோபித்துக்கொள்ளுமோ என்று இருவருக்கும் பயம். லியாங் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டார்:

"இதுல ஒண்ணு சாமி, ஒண்ணு பன்னித் தொட்டி. இப்போ யாரு யாருதைத் திருடினது?"

எங்கள் ஆபீசர் தாம் குனிந்து கல்லின் விளிம்பைத் தடவினார். தேய்ந்து உருண்டிருக்கிறது. ஆற்றில் உருண்ட தேய்மானம். "வெள்ளம் வந்து ரெண்டாப் பிரிச்சு, ஆளுக்கு ஒண்ணாக் கரையில போட்டுட்டுப் போயிருக்கு. திருடன் ஓடைதான். அது மேல எந்த நாட்டுல கேஸ் போடறது?" என்றார். அப்போதுதான் இருவரும் சிரித்தார்கள். நீ எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தாய்.

முடிவு இது. கல் எங்கே நின்றது என்று இனி யாரும் தேடப் போவதில்லை. ஓடையின் ஆழமான தடம்தான் கோடு. இரு கரையிலும் ஒரே எண் போட்டு ஒவ்வொரு புதுக் கல். எங்கள் கீழ்வயல் எங்களுக்கே. திட்டில் நீ நட்ட மூன்று வாழை எங்கள் நாட்டுக்கு வந்துவிட்டன. பழுத்தால் வெளிநாட்டு உதவியாக அனுப்பி வைக்கிறேன்.

சாமியை என்ன செய்வது என்று நான் கேட்டேன். ஆபீசர் தாம் சொன்னார்: "இனிமே அது எல்லைக்கல் இல்ல, பெரியவரே. வெறும் சாமிதான். எடுத்துட்டுப் போங்க." ஊரே ஓடிவந்து வண்டியைத் தள்ளியது. இரண்டு நாள் என்னைத் திட்டினார்கள். இப்போது எல்லோரும் சாமியின் முதுகைப் பார்க்க வரிசையில் நிற்கிறார்கள். நானும் முதுகுக்கு ஒரு ஊதுபத்தி வைக்க ஆரம்பித்திருக்கிறேன்.

ஆனால் துறை இன்னும் திறக்கவில்லை. இரண்டு தலைநகரிலிருந்தும் ஒப்புதல் வரவேண்டும். கல் நட்டாயிற்று, காகிதம் வரவில்லை. ஒன்பதாம் நாளுக்குள் வந்தால் வா. வராவிட்டால், சிப்பாய் கண்ணில் மண்ணைத் தூவி ஓடையில் இறங்காதே. உன்னைத் தெரியும் எனக்கு. திருட்டுத்தனமாக வந்த அரிசி ஜாடியில் விழக் கூடாது.

ஜாடியைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வேறு வேலை இல்லாததால்.

சாங்


நாலாவ் ஊர்
ஒன்பதாம் மாதம், பன்னிரண்டாம் நாள்

என் தோங் சாங்குக்கு,

வழக்கப்படி நீ உள்ளே முன்னோர் மாடத்தின் பக்கம் முகம் வைத்து, வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாய். ஆகவே நான் எப்படி வந்தேன் என்று நீ பார்க்கவில்லை. அதைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

எட்டாம் நாள் மத்தியானம் வரை ஒன்றும் வரவில்லை. நான் மூட்டையைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி புடைத்து, மறுபடி கட்டினேன். கிழவி சொன்னாள், இப்படிப் புடைத்தால் அரிசியே இருக்காது, தவிடுதான் இருக்கும் என்று. சாயங்காலம் ஊர்த் தலைவன் சைக்கிளில் வந்தான். என்னோடு பேசாதவன் வாசலில் நின்று, "பெரியப்பா, ரெண்டு பக்கமும் வந்துருச்சு. காலைல தொறக்கறாங்க" என்றான். பிறகு மூட்டையைத் தொட்டுப் பார்த்து, "கனமாத்தான் கட்டியிருக்கீங்க" என்றான்.

காலையில் தோளில் ஏற்றியதோடு சரி, இறக்கவில்லை. துறைக்கு வரும்போதே கழுத்து திரும்பவில்லை. புதுக் கல் பக்கத்தில் மேசை போட்டு ஒரு சிப்பாய். வடக்கே ஷான்தோங்கிலிருந்து வந்த பையன், நம் பழக்கம் ஒன்றும் தெரியாது.

"தாத்தா, மூட்டைய எறக்கி வைங்க. பாக்கணும்."

"எறக்கக் கூடாதுப்பா. எறக்கினா அவன் ஆயுசு எறங்கிரும்."

"யாரோட ஆயுசு?"

"அந்தப் பக்கத்துல இருக்கான். இருமுவான், காது குடுத்தா கேக்கும்."

அவன் என்னைச் சுற்றி வந்து, மூட்டையை நாலு பக்கமும் தட்டி, முகர்ந்து பார்த்தான். சரி, கையெழுத்துப் போடுங்கள் என்றான். பக்கத்தில் இருந்தவன் மை டப்பாவைத் திறந்து என் கட்டைவிரலைப் பிடித்தான். நான் கையை இழுத்துக்கொண்டேன். கட்டைவிரல் எல்லாம் போன வருஷத்தோடு முடிந்தது, பேனாவைக் கொடு என்றேன். ஆனால் தோளில் மூட்டையை வைத்துக்கொண்டு எப்படிக் குனிவது? ஷான்தோங் பையன் துப்பாக்கியைப் பின்னால் தள்ளிவிட்டு இரண்டு கையாலும் மூட்டையை அணைத்துத் தாங்கினான். நான் நிதானமாக என் பெயரை எழுதினேன். மூன்று எழுத்து. அவசரப்படவில்லை. அவன் முகம் சிவந்துவிட்டது. "தாத்தா, உங்க பேரு இவ்வளவு நீளமா?" என்றான்.

எதிர்க்கரையில் உங்கள் சிப்பாய்க்கும் இதே சங்கடம். அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான், ஆகவே கேட்காமலே வந்து மூட்டையைத் தாங்கிக்கொண்டான். அங்கேயும் என் பெயரை எழுதினேன். அங்கே இன்னும் அழகாக வந்தது.

சிப்பாய் தாங்கியது தரையில் வைத்ததாகுமா என்று நான் உன் வாசலில் நின்று கேட்டபோது, நீ திரும்பாமலே "ராணுவம் தாங்கினா எதுவும் கீழ விழுந்ததா அர்த்தம் இல்ல, உள்ள வா" என்றாயே, அதுவரை எனக்கு மூச்சு இல்லை. இரண்டு ராணுவமும் சேர்ந்து ஒரே மூட்டையைத் தாங்கியது நம் ஆயுளில் இதுதான் முதல் தடவை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதனால்தான் வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றேன்.

அரிசி ஜாடிக்குள் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. என் மந்தக் காதிலேயே. காலி ஜாடியில் முதலில் விழும்போது மழை மாதிரி கேட்டது, பாதிக்கு மேல் சத்தமே இல்லை. உனக்காக மந்திரம் சொல்ல வந்த அடுத்த ஊர்ப் பூசாரி ஓர் அடியை விட்டுவிட்டான், நீ உட்கார்ந்த இடத்திலிருந்து அவனைத் திருத்தினாய். தனக்கு ஆயுள் வேண்டும் என்கிற மந்திரத்தைத் தானே எடுத்துக் கொடுத்த ஆளை நான் பார்த்ததில்லை. நீ அழுதாய் என்று உன் மருமகள் என் காதில் சொன்னாள். அன்னாசிப்பூ காய வைத்த புகை என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள்.

உன் இருமலை நான் எண்ணிக்கொண்டு உட்காரவில்லை. ஆனால் விருந்தில் மூன்று கிண்ணம் சோறு சாப்பிட்டாய், பன்றியின் காதை என் தட்டிலிருந்து எடுத்தாய். எனக்கு அது போதும். என் ஜாடிக்குப் பதினோராம் மாதம் நாள் பார்த்திருக்கிறது. மூட்டை சிறிதாக இருந்தால் பரவாயில்லை, ஆனால் நீயே தூக்கி வரவேண்டும், உன் மகன் இல்லை.

இனித் துறை ஒவ்வொரு சந்தை நாளும் திறந்திருக்கும், நேரில் வந்து பேசினால் போதாதா என்று கிழவி கேட்கிறாள். போதாது. அன்றைக்கு முழு நாளும் உன் வீட்டில் இருந்தேன். நான் வாயைத் திறந்த இடமெல்லாம் நீ பேசினாய். உன் மது நல்லது என்று சொல்ல வந்தேன், அதற்குள் நீ என் அரிசியில் ஒரு கல் கண்டுபிடித்து எல்லோருக்கும் காட்டினாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. எழுபத்து மூன்று வயதில்தான் எனக்கு இந்த வசதி கிடைத்திருக்கிறது, அதை விடுவேனா?

அந்தக் கல் என் வயலில் விளைந்தது இல்லை. அது உன் ஜாடியில் இருந்தது. அதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஆனால் விரல் மடங்கிக்கொண்டது. அடுத்த வாரம் எழுதுகிறேன். அதுவரை பதில் சொல்லாமல் இரு.

குவாங்லி